முதல் ரைடிங் மோவர் வாங்குவதற்கு முன்: வேலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் மெஷினைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதாகத்தான் இருக்கிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. காட்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் தோப்போடு வீடு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு மெஷினை இறக்கி, இரண்டே மழைக்குப் பிறகு அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இல்லை. நிலத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்ததுதான் கோளாறு.

அதனால் இங்கே வரிசை முக்கியம். நிலம் முதலில், ரிப்பேர் ஆள் அடுத்து, மெஷின் வகையும் அகலமும் அதற்கப்புறம், கம்பெனிப் பெயர் கடைசி. வரிசையை மாற்றினால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் தப்பாகும்.

கையில் வேண்டியவை: 30 மீட்டர் டேப், ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான சட்டம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, ஒரு நோட்டு, ஒரு நீளமான கம்பு. கம்பு எதற்கு என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

1. வெட்டப் போகும் பரப்பை மட்டும் அளங்கள்

பத்திரத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் என்று இருக்கும். அதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னால் அவர் பெரிய மெஷினைக் காட்டுவார். வீடு, களம், மோட்டார் கொட்டகை, கிணறு, மாட்டுக் கொட்டாய், காய்கறிப் பாத்தி, மரத்தடி வட்டங்கள், இதையெல்லாம் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பதுதான் உங்கள் அளவு. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். துண்டு துண்டாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

துண்டுகளைத் தனித்தனியாக எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் ஐம்பது சென்ட் ஒரே பரப்பாக இருப்பதும், ஏழு சென்ட் வீதம் ஏழு இடத்தில் சிதறிக் கிடப்பதும் இந்த மெஷினுக்கு ஒன்றல்ல. சின்னத் துண்டுகளில் வெட்டும் நேரத்தைவிடத் திருப்பும் நேரம் அதிகம்.

2. உண்மையில் இது தேவையா என்று கணக்குப் போடுங்கள்

தள்ளிக்கொண்டு நடக்கும் 21 அங்குல மோவர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், திரும்புவதிலும் ஓட்டத்தின் மேல் ஓட்டம் ஏறுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் சுமார் 30 சென்ட் வெட்டும். 42 அங்குல டெக் வைத்த ரைடிங் மோவர் மணிக்கு 5 கிலோமீட்டரில் அதே கணக்கில் ஒரு ஏக்கர் வெட்டும். டெக் என்பது பிளேடுகளை மூடியிருக்கும் அந்த இரும்புத் தட்டு. மரங்கள் நிறைந்த தோப்பில் இந்த ஒரு ஏக்கர் என்பது முக்கால், அரை என்று இறங்கிவிடும்.

இப்போது நம்ம ஊர் பருவத்தைச் சேருங்கள். இங்கே தென்மேற்குப் பருவத்தில் கொஞ்சம், வடகிழக்கில் கொஞ்சம் என்று இரண்டு மழையும் கிடைக்கிறது. புல் வேகமாக வளர்வது ஜூலையிலிருந்து டிசம்பர் வரைதான். பத்து நாளைக்கு ஒரு தடவை என்றால் 18 தடவை. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 27 மணி நேரம். சில லட்ச ரூபாய் மெஷின் வருஷத்துக்கு 27 மணி நேரம் ஓடப்போகிறது என்பதை நோட்டில் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஸ்ப்ரிங்க்ளர் போட்டு வருஷம் முழுக்கப் புல்வெளி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்களுக்கு இது நியாயமாகவே கட்டுப்படியாகும்.

என் அளவுகோல் இது. 40 சென்ட்டுக்குக் கீழே என்றால் தள்ளும் மோவரும், தோளில் மாட்டி வெட்டும் ஒரு பிரஷ் கட்டரும் போதும். 40 முதல் 75 சென்ட் வரை இழுபறி, வயதும் முதுகும் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு மேல், ஓரளவு சமமான நிலம் என்றால் ரைடிங் மோவரை யோசிக்கலாம்.

இன்னொரு பெரிய தப்பை இங்கேயே தடுத்துவிடுகிறேன். இடுப்பளவு புல்லும் பார்த்தீனியமும் சீமைக் கருவேலக் கன்றுகளும் மண்டிக் கிடக்கும் கொல்லையைச் சுத்தம் செய்ய ரைடிங் மோவர் வாங்காதீர்கள். அது வளர்ந்த காட்டை அழிக்கும் மெஷின் இல்லை, ஏற்கெனவே குட்டையாக இருக்கும் புல்லைக் குட்டையாகவே வைத்திருக்கும் மெஷின். கணுக்கால் தாண்டிய புல்லில் விட்டால் டெக் அடைத்துக்கொண்டு பெல்ட் கருகும். காடு அழிக்க டிராக்டரில் ரோட்டவேட்டர் வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு. உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறையின் வண்டிகளை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்க முடியும், பக்கத்து ஊரில் தனியார் வண்டியும் இருக்கும். அதை முடித்துவிட்டு, புல்லைக் குட்டைக்குக் கொண்டு வந்த பிறகு இந்த வழிகாட்டிக்குத் திரும்புங்கள்.

"நாலு ஆடு கட்டினால் போதுமே" என்று யாராவது சொல்வார்கள். மாங்கன்று இல்லாத நிலத்தில் அவர் சொல்வது சரிதான்.

3. கம்பு எடுத்து நிலம் முழுக்க நடங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நம்ம பக்கத்து மண் செம்மண், சரளை, அடியில் பாறை. மழைக்கு மழை புதுக் கல் மேலே வரும். பிளேடு நுனி பயங்கர வேகத்தில் சுற்றுகிறது, முஷ்டி அளவுக் கல் ஒன்றில் பட்டால் பிளேடு வளையும், அல்லது பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டில் வளையும். சின்னக் கல் என்றால் டெக்கின் பக்கவாட்டில் புல் தள்ளும் வாயிலிருந்து பறக்கும். ஜன்னல் கண்ணாடி, கார், குழந்தை, எது எதிரே இருக்கிறதோ அதில் படும்.

கம்பால் புல்லை விலக்கிக்கொண்டே நடங்கள். பாம்புக்கும் அதே கம்புதான். புல் வெட்டுவதே பாதி வீட்டில் கண்ணாடி விரியன் பயத்தில்தானே. கண்டால் அடிக்கப் போகாமல் வழி விட்டுவிடுங்கள். வழியில் பார்க்கிற ஒவ்வொரு தடையையும் சுண்ணாம்பு போட்டுக் குறியுங்கள்:

பொறுக்கிப் போடக்கூடிய கற்கள். தோண்ட முடியாத பாறை முனை. கரையான் புற்று. பழைய மரத்தின் அடிக்கட்டை. சொட்டுநீர்க் குழாய், முக்கியமாக லேட்டரல் என்ற 16 மில்லிமீட்டர் கிளைக் குழாய், அது புல்லுக்குள் மறைந்திருக்கும், ஒரு சுற்றில் பத்து மீட்டர் குழாயை பிளேடில் சுற்றிக்கொண்டு வரும். கேட் வால்வு. கல்லுக்கால் வேலியிலிருந்து அறுந்து தொங்கும் முள்கம்பி, இது எல்லாவற்றையும்விட மோசம், ஸ்பிண்டிலில் சுற்றிக்கொண்டால் பேரிங்கின் சீல் மூடியைக் கிழித்து பேரிங்கையே முடித்துவிடும்.

அடுத்தது கிணறு. இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, விளிம்பில் புல் கவிழ்ந்து எங்கே தரை முடிகிறது என்றே தெரியாது. சக்கரம் விளிம்புக்குப் போய்விட்டால் இருநூறு கிலோ மெஷினும் நீங்களும் சேர்ந்துதான் போவீர்கள். கிணறு, குட்டை, உயரமான வரப்பு எதுவானாலும் மெஷின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விட்டுக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே பிரஷ் கட்டர் மட்டும்.

குறித்த பிறகு எண்ணிப் பாருங்கள். எடுக்க முடிகிற கல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு ஆள் வைத்துப் பொறுக்கலாம். எடுக்க முடியாத பாறை முனை ஏக்கருக்கு ஏழெட்டுக்கு மேல் இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாறை முனைக்குக் குறியாக நட்டுவைத்த கொம்பையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

4. சரிவை அளங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள்

இந்த வகை மெஷின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 டிகிரி. கண்ணுக்கு 15 டிகிரி என்பது ஒன்றுமில்லாத சரிவு மாதிரி தெரியும்.

மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் வைத்து நேராகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளங்கள். 18 சென்டிமீட்டர் என்றால் 10 டிகிரி, 27 என்றால் 15 டிகிரி. 18-க்குள் இருந்தால் நிம்மதி. 18-க்கும் 27-க்கும் நடுவே காய்ந்த தரையில் மட்டும். 27-ஐத் தாண்டினால் அந்தத் துண்டை நோட்டிலிருந்தே அடித்துவிடுங்கள், ஏலகிரியிலோ ஜவ்வாது மலை அடிவாரத்திலோ இடம் வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே பாதி நிலம் போய்விடும்.

ஓட்டும் மெஷினைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். தள்ளும் மோவருக்கு இது நேர் எதிர், அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் சறுக்கும்போது கால் பிளேடுக்கு அடியில் போகும். இரண்டையும் வைத்திருக்கும் வீட்டில் தோட்டக்காரர் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

5. வாசல், மர இடைவெளி, நிறுத்தும் இடம்

டெக் 42 அங்குலம் என்றால் மெஷினின் அகலம் 42 அங்குலம் இல்லை. பக்கவாட்டில் புல் தள்ளும் வாயையும் சேர்த்தால் நாலேகால் அடி பக்கம் வரும். வெளிக் கேட் டிராக்டர் போகிற அளவு இருக்கும், ஆனால் பின்பக்கத் தோட்டத்துக்குப் போகும் சின்ன கேட் மூன்றரை அடி என்றால் கதை அங்கேயே முடிந்தது. மிகக் குறுகலான வழியை அளந்து எழுதுங்கள்.

தென்னந்தோப்பில் கணக்கு எளிது. மரத்துக்கு மரம் 7.5 மீட்டர், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி என்று வைத்தால், இரண்டு பாத்திக்கு நடுவே 3.9 மீட்டர் கிடைக்கும். 42 அங்குல டெக்குக்கு அது நாலு ஓட்டம். 54 அங்குலம் வாங்கினால் மூன்று ஓட்டம், ஆனால் பாத்திக் கரையைச் சீவாமல் ஓட்டவே முடியாது. ஒரு ஓட்டம் மிச்சம் பிடிக்க அதிகப் பணம் கொடுத்து, பாத்தியையும் கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. விழுந்த மட்டையையும் பாளையையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்பதை அந்த வேலை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு வேறு மாதிரி. 5 மீட்டருக்கு 5 மீட்டர் அடர் நடவு என்றால் மரம் வளர்ந்த பிறகு கிளை உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும். சீட்டில் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்தில் வரும் என்று ஒரு நாற்காலியை ஒன்றரை அடி உயரத்தில் வைத்து உட்கார்ந்து பாருங்கள், சிரிப்பாக இருந்தாலும் பயனுள்ள சோதனை.

நிறுத்துவதற்குக் கூரை வேண்டும். தார்ப்பாய் மட்டும் போட்டு வெயிலில் விட்டால் இங்கத்து மே மாத வெயிலில் சீட், பெட்ரோல் ஹோஸ், டயர் எல்லாம் வெடிக்கும்.

6. ரிப்பேர் செய்யப் போகிறவரை முதலில் கண்டுபிடியுங்கள்

மெஷின் பார்க்கும் முன்பே இது. வேலூரில் ஜெனரேட்டர், பம்ப்செட், பவர் வீடர் பார்க்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், என்ஜின் பக்கம் அவர்களால் சமாளிக்க முடியும். டெக், பெல்ட், ஹைட்ரோ (கியருக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் வண்டியை ஓட்டும் அமைப்பு) பக்கம் என்று வரும்போதுதான் திணறல். கம்பெனி சர்வீஸ் சென்னையில் என்றால் சுமார் 140 கிலோமீட்டர், குட்டி யானையில் ஏற்றிப் போய்வரும் செலவு உங்கள் தலையில்.

விற்பவரிடம் கேளுங்கள்: டெக் பெல்ட், பிளேடு, ஏர் ஃபில்டர், இந்த மூன்றும் இன்றைக்கு ஸ்டாக்கில் இருக்கிறதா, இருந்தால் எடுத்துக் காட்ட முடியுமா? "வரவழைத்துத் தருகிறோம்" என்பது பதில் இல்லை. மழை சீசன் நடுவில் பெல்ட் அறுந்து ஒரு மாதம் காத்திருந்தால் புல் முழங்காலுக்கு வந்துவிடும், அதற்கப்புறம் பெல்ட் வந்தும் பயனில்லை. அதனால் மெஷின் வாங்கும்போதே ஒரு டெக் பெல்டும் ஒரு செட் பிளேடும் கூடுதலாக வாங்கி மாட்டிவிடுங்கள், கொட்டகைச் சுவரில். சந்தையில் கிடைக்கும் சாதாரண வி-பெல்ட் அளவு சரியாக வந்தாலும் இந்த வேலைக்கு நீடிக்காது, அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம்.

ஒரு நல்ல செய்தி: பல மெஷின்களின் ஸ்பிண்டிலில் இருப்பது 6203, 6204 மாதிரி சாதாரண எண் பேரிங்தான், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

7. இப்போது வகை

பின்னால் என்ஜின் வைத்த சின்ன ரைடர், 30 அங்குலம் பக்கம். குறுகலான வாசல், நிறைய மரம், 75 சென்ட்டுக்குள் என்றால் இது நல்ல தேர்வு. சின்னதாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம்.

லான் டிராக்டர், முன்னால் என்ஜின், நடுவயிற்றில் டெக், 38 முதல் 48 அங்குலம். முதல் மெஷினாக வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும். ஸ்டீயரிங் இருப்பதால் டிராக்டர் ஓட்டிப் பழகிய ஆள் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வார். இதை வைத்து ஏர் ஓட்டலாம், டிப்பர் இழுக்கலாம் என்று நினைப்பது தவறு, உள்ளே இருக்கும் கியர்பெட்டி அதற்கானது இல்லை. உழவு வேண்டும் என்றால் மினி டிராக்டர் வாங்கிப் பின்னால் புல் வெட்டும் கருவி மாட்டுங்கள், மூன்று ஏக்கருக்கு மேல் உள்ளவர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன்.

ஜீரோ டர்ன், இரண்டு லீவரில் நின்ற இடத்தில் சுற்றும் வண்டி. வேகம், அழகு எல்லாம் உண்டு. சமமான அகன்ற புல்வெளிக்கு அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் ஈரச் சரிவில் முன்சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது, பழகாத ஆள் வரப்பில் இறக்கிவிடுவார். முதல் மெஷினாக வேண்டாம்.

பேட்டரி மெஷின் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பக்கத்தில் அதற்கு சர்வீஸ் ஆள் இருந்தால் பேசலாம்.

8. டெக் அகலம், என்ஜின், கியர்

அகலத்தை நிலம் ஏற்கெனவே சொல்லிவிட்டது: குறுகலான வாசலும் மர இடைவெளியும்தான் உச்ச வரம்பு. அதற்குள் எது நிலத்தின் மேடு பள்ளத்துக்குப் பொருந்துமோ அது. டெக் அகலமானால் ஒரு பக்கம் மேட்டில் உரசி மண்ணைச் சீவும், மறுபக்கம் பள்ளத்தில் புல்லைத் தொடாமல் போகும். பழைய உழவுச் சால் தெரியும் கொல்லையில் 42-க்கு மேல் போகாதீர்கள்.

ஹெச்.பி.யைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த டெக்குக்கு அந்த என்ஜின் என்று கம்பெனியே பொருத்தித்தான் அனுப்புகிறது. அதைவிட முக்கியம், ஆயில் பம்ப்பும் ஆயில் ஃபில்டரும் உள்ள என்ஜினா, ஏர் ஃபில்டரை வெளியே எடுப்பது சுலபமா என்பது. நம்ம செம்மண் தூசிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருப்பதில் பாதி நேரத்துக்கே சுத்தம் செய்ய வேண்டி வரும்.

கியரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா? கியர் வண்டியில் வேகம் மாற்ற நிறுத்த வேண்டும், மலிவு, ரிப்பேர் எளிது. ஹைட்ரோவில் மிதித்தால் போகும், விட்டால் நிற்கும், மரத்தைச் சுற்றி ஓட்டக் கைவலி இல்லை. ஆனால் பல மாடல்களில் அது மூடிய யூனிட், கெட்டால் மொத்தமாக மாற்ற வேண்டும், விலை கசக்கும். திறந்த வெளி என்றால் கியர், மரம் நிறைந்த இடம் என்றால் ஹைட்ரோ. ஹைட்ரோ வாங்கினால் அதன் மேல் இருக்கும் சின்ன ஃபேனையும் குளிர்விக்கும் இடுக்குகளையும் ஒவ்வொரு தடவையும் ஊதிச் சுத்தம் செய்யும் ஆள் உங்களிடம் இருக்க வேண்டும், 40 டிகிரி வெயிலில் புல் அடைத்துக்கொண்டு ஓடினால் அதற்கு ஆயுள் கிடையாது.

9. வெட்டிய புல் எங்கே போகும்

பக்கவாட்டில் தள்ளுவது, நுணுக்கி அங்கேயே போடுவது, பின்னால் பெட்டியில் பிடிப்பது என்று மூன்று வழி. தோப்புக்குப் பக்கவாட்டுதான் சரி, மரத்தடிப் பாத்தியைப் பார்த்துத் தள்ளினால் மூடாக்காகவும் ஆகும். பெட்டிக்குத் தனிக் காசு, அடிக்கடி இறங்கிக் கொட்ட வேண்டும்.

"பெட்டி இருந்தால் மாட்டுக்குப் புல் ஆச்சே" என்று வாங்குகிறவர்கள் உண்டு. பொடியாக வெட்டிய ஈரப்புல் குவித்த கொஞ்ச நேரத்திலேயே சூடாகிப் புளிக்கும், மாட்டுக்கு வயிறு கெடும், பார்த்தீனியமும் ஆயில் துளியும் கலந்திருக்கலாம். மாட்டுக்கு அரிவாள் புல்தான்.

10. டயர்: நெருஞ்சியை மறக்காதீர்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. இந்த மெஷின்களின் டயர் மெல்லியது, பல மாடலில் காற்று 10 முதல் 14 பி.எஸ்.ஐ. தான். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் உள்ள நிலத்தில் முதல் நாளே பஞ்சர். வாங்கியவுடன் நாலு டயரிலும் சீலன்ட் ஊற்றச் சொல்லுங்கள், அல்லது உள்ளே ட்யூப் போடுங்கள். பஞ்சர் கடையில் லாரிக்கு அடிக்கிற மாதிரி அடிக்க விடாதீர்கள். காற்று ஒரு பக்கம் கூடினாலே டெக் சாய்ந்து புல் படிக்கட்டாக வெட்டுப்படும், ஆட்கள் அதை பிளேடு கோளாறு என்று நினைத்து டெக்கைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

11. பழைய மெஷின் பார்க்கும்போது

தொழிற்சாலை, ரிசார்ட், கல்லூரி வளாகங்களிலிருந்து ஏலத்தில் வரும் மெஷின்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். குளிர்ந்த என்ஜினிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது. என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் ப்ளக் வயரைக் கழற்றி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிளேடுகளைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகர என்றால் பேரிங், மேலும் கீழும் ஆடினால் ஸ்பிண்டில். டெக்கின் அடியில் துருவைக் குத்திப் பாருங்கள். ஹைட்ரோ வண்டி என்றால் அரைமணி ஓட்டிவிட்டு மேட்டில் ஏற்றுங்கள், சூடானபின் இழுவை குறைந்தால் வேண்டாம்.

பிளேடில் வெல்டிங் தழும்பு இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். லேத் பட்டறையில் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள், ஒட்டிய பிளேடு உடைந்தால் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, சீட்டிலிருந்து எழுந்து பாருங்கள். பிளேடு ஓடும்போது எழுந்தால் என்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் யாரோ "அண்ணா, அந்த சீட் சுவிட்ச்தான் தொல்லை, ஷார்ட் பண்ணிடலாம்" என்று செய்திருக்கிறார்கள். அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

12. பெட்ரோலும் ஆயிலும்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இந்த வகை என்ஜின்களில் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதம்தான் உச்சம் என்று இருக்கும். விற்பவரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், வாரண்டி பேச்சு வரும்போது தேவைப்படும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டர் அடைக்கும், ஹோஸ் ஊறிப்போகும். ஒரு மணிக்கு 2 முதல் 3 லிட்டர் என்று கணக்கிட்டு, ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவு மட்டும் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

ஆயில் ஊற்றாமல் டெலிவரி வரும் மெஷின்கள் உண்டு. ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியைப் பார்க்காமல் சாவி திருப்பக் கூடாது. முதல் ஆயிலை 5 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று பல கையேடுகளில் இருக்கும், புது என்ஜினின் இரும்புத் துகள் அதில்தான் வரும்.

13. முதல் வெட்டு

காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள், ஈரப்புல் டெக்கில் அப்பிக்கொள்ளும். டெக்கை உயரமாக வையுங்கள், மூன்று அங்குலம் பக்கம். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஒட்ட வெட்டினால் அருகம்புல் வெயிலில் கருகி, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்ளும். கோரையை மோவர் ஒழிக்காது, கிழங்கு அடியில் இருக்கிறது.

வேலியோரத்தில் முதல் இரண்டு சுற்று, புல் உள்பக்கம் விழும்படி. அப்புறம் நேர் ஓட்டங்கள். என்ஜின் முழு வேகத்தில், வண்டி மெதுவாக. இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பெட்ரோல் மிச்சம் என்று த்ராட்டிலைக் குறைத்துவிட்டு வண்டியை வேகமாக ஓட்டுவார்கள், புல் வெட்டுப்படாமல் மடங்கிப் படுக்கும்.

ஷூவும் கண்ணாடியும் போடாமல் ஏறக் கூடாது. மெஷின் சத்தம் கேட்டால் தெருப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள், வேலிக்கு வெளியே அனுப்பிய பிறகுதான் பிளேடு. பேரனை மடியில் வைத்து ஒரு ரவுண்டு என்ற ஆசை எல்லாத் தாத்தாவுக்கும் வரும், அது கண்டிப்பாகக் கூடாது, நிறுத்திய வண்டியில் உட்கார வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும்போது பிளேடை அணைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

முடித்ததும் என்ஜினை ஆற விட்டு, சைலன்சரைச் சுற்றி இருக்கும் காய்ந்த புல்லைத் தட்டிவிடுங்கள், கொட்டகை தீப்பிடிக்க அது போதும். ப்ளக் வயரைக் கழற்றிவிட்டு, டெக்கின் அடியைச் சுரண்டி, பிளேடு போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், புது மெஷினில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் தளரும்.

ஜனவரிக்கு மேல் வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி வையுங்கள். மறுபடி ஜூலையில் எடுக்கும்போது சாவி போடும் முன் என்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள், எலியோ அணிலோ தென்னை நாரை வைத்துக் கூடு கட்டி வயரைக் கடித்து வைத்திருக்கும்.